ஒத்தெல்லோவில் இயாகோவைப் பின்தொடர்வது எப்படி? முதல்முறை படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மனிதன் வெறும் பேச்சாலேயே இன்னொருவனை அழிப்பதை அடி அடியாகப் பார்க்க வேண்டுமா? ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் ஒத்தெல்லோவை எடுங்கள். வெனிஸ் படையின் கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவை, அவன்கீழ் வேலை பார்க்கும் இயாகோ அழிக்கிற கதை. இயாகோவிடம் பணம் இல்லை, பெரிய பதவி இல்லை, அடியாட்கள் இல்லை. எதிரில் நிற்கிறவர்களின் குணம் மட்டும்தான் அவனுடைய கருவி.

முதல்முறை படிக்கிறவர்கள் பலர் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். முடிக்கிறவர்களும் “ஒத்தெல்லோ பொறாமைக்காரன், இயாகோ கெட்டவன்” என்ற ஒற்றை வரியோடு வெளியே வருகிறார்கள். தேர்வுக்கு இந்த நாடகத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இலக்கிய மாணவராக இருந்தாலும், நாடகக் குழுவில் இருந்தாலும், சும்மா படிக்க ஆசைப்பட்டாலும் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

தேட வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயாகோ யாருடைய மனத்துக்குள்ளும் புதிதாக எதையும் கொண்டுபோய் வைப்பதில்லை. அங்கே ஏற்கெனவே கிடக்கிற பயத்தையோ ஆசையையோ கண்டுபிடித்து, அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறான். நாடகம் முழுக்க இந்த ஒரு வேலைதான் நடக்கிறது.

1. எந்தப் புத்தகம், என்ன செலவு

பைசா செலவில்லாமல் தொடங்கலாம். ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் இணையதளத்தில் முழு மூலமும் வரி எண்களோடு இலவசமாக இருக்கிறது, இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். புராஜெக்ட் குட்டன்பெர்க்கிலும் உண்டு. ஆனால் இரண்டிலும் அருஞ்சொற்பொருள் கிடையாது. நானூறு ஆண்டுப் பழைய ஆங்கிலம் என்பதால் குறிப்பு இல்லாமல் படித்தால் இரண்டாம் காட்சியிலேயே சோர்ந்துவிடுவீர்கள்.

அதனால் காசு செலவழிப்பதாக இருந்தால் குறிப்புள்ள ஒரு பதிப்புக்குச் செலவழியுங்கள். ஃபோல்ஜரின் அச்சுப் பதிப்பில் இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம் மூலம். கண் அதிகம் அலைய வேண்டாம். தொடக்கநிலைக்கு இதுதான் வசதி. ஹோனிக்மன் பதிப்பித்த ஆர்டன் பதிப்பு இன்னும் ஆழமானது, விலையும் அதிகம். அதை வாங்குவதற்குமுன் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத் துறை உள்ள இடங்களில் பெரும்பாலும் இருக்கும். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் பள்ளிப் பதிப்புகளை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கொச்சையான வரிகளை வெட்டிய பதிப்புகள் பல உண்டு. முதல் காட்சியில் இயாகோ ஜன்னலுக்குக் கீழே நின்று கத்தும் ஆபாசமான வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். அந்த ஆபாசம்தான் அவனுடைய முதல் ஆயுதம்.

இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டால் வரிகள் ஒத்துப்போகாது; பயப்பட வேண்டாம். நாடகம் 1622-இல் வந்த குவார்ட்டோ (சிறிய அளவுப் புத்தகம்), 1623-இல் வந்த ஃபோலியோ (பெரிய அளவுத் தொகுப்பு) என்று இரண்டு அச்சுகளில் கிடைக்கிறது. ஃபோலியோவில் சுமார் 160 வரிகள் கூடுதல். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா பாடும் வில்லோ பாட்டும், கணவன்மார்களைப் பற்றி இயாகோவின் மனைவி எமிலியா பேசும் பேச்சும் அதில்தான் உள்ளன. இன்றைய பதிப்பாசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள்.

இக்கால ஆங்கிலத்தில் எளிமைப்படுத்திய வடிவங்கள் இணையத்தில் நிறைய உண்டு. கதை புரிவதற்கு ஓகே. ஆனால் இயாகோவைப் படிக்க அவை உதவாது. அவன் எங்கே நிறுத்துகிறான், எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எளிமைப்படுத்தும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

2. எவ்வளவு நேரம் ஒதுக்குவது

மேடையில் வெட்டாமல் நடித்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். படிக்க அதைவிடப் பல மடங்கு ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டு மாலையில் படிக்கிறவர் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். முதல் அங்கத்துக்கு இரண்டு மாலை, இரண்டாவதுக்கு இரண்டு, நான்கும் ஐந்தும் ஆளுக்கு இரண்டு. மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சிக்கு மட்டும் தனியாக மூன்று மாலை எடுத்து வையுங்கள். பதிப்பைப் பொறுத்து 480 வரிக்கு மேல் வரும் காட்சி அது. தொடங்கும்போது ஒத்தெல்லோ மனைவியை உயிராய் நேசிக்கிறான். முடியும்போது அவளைக் கொல்ல வழி தேடப் போகிறான். அதை ஒரே மூச்சில் தாண்டிவிட்டால் நாடகமே கைநழுவிவிடும்.

கதைச் சுருக்கத்தை முதலிலேயே படித்துவிடுங்கள். சுவாரசியம் கெட்டுவிடும் என்று சிலர் தடுப்பார்கள், கேட்காதீர்கள். இயாகோவே தன் திட்டத்தைத் தனிமொழிகளில் நமக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகிறான். என்ன நடக்கும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கத்தான் நாம் போகிறோம்.

லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிவடிவம் இலவசமாகக் கிடைக்கும். காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடர்ந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

3. நோட்டில் நான்கு பத்தி

ஒரு சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் அவர் எதில் பெருமைப்படுகிறார் என்று எழுதுங்கள். இரண்டாவதில் அவர் எதை இழக்கப் பயப்படுகிறார். மூன்றாவதில் இயாகோ அவரிடம் சொன்ன சொற்கள். நான்காவதில், அதற்குப்பின் அவர் தானாகவே சொன்னது.

கவனிக்க வேண்டியது நான்காவது பத்தியை. பெரும்பாலான கையேடுகள் “இயாகோ இப்படிச் சொன்னான், அவர் நம்பினார்” என்று மூன்றாவதோடு நிறுத்திவிடுகின்றன. நான்காவதை நிரப்பத் தொடங்கிய உடனே நாடகம் வேறு மாதிரித் தெரியும்.

4. சின்ன ஆட்களிடம் தொடங்குங்கள்

நேராக ஒத்தெல்லோவிடம் போக வேண்டாம். அவனிடம் வருவதற்கு முன் இயாகோ மூன்று பேரிடம் கைவரிசையைக் காட்டுகிறான். முறை அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

பிரபான்சியோ: டெஸ்டிமோனாவின் அப்பா, வெனிஸ் செனட்டர். நள்ளிரவில் அவர் வீட்டு வாசலில் இயாகோ, உங்கள் மகள் கறுப்பனோடு போய்விட்டாள் என்று கூச்சல் போடுகிறான். அவர் உடனே நம்பிவிடுகிறார். ஏன் என்பதற்கு அவரே சொல்கிற வரியை அடிக்கோடிடுங்கள்: இது நான் கண்ட கனவு மாதிரியே இருக்கிறது, நம்பாமல் இருக்க முடியவில்லை என்கிறார். ஒத்தெல்லோவை அடிக்கடி வீட்டுக்கு அழைத்து, அவன் போர்க்கதைகளை உட்கார்ந்து கேட்டவர் இவர்தான். விருந்தாளியாக மதித்தவனை மருமகனாக நினைத்துப் பார்க்கும் பயம் அவர் கனவுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கிறது. இயாகோ செய்ததெல்லாம் அதற்குச் சத்தம் கொடுத்ததுதான்.

ரோடரிகோ: டெஸ்டிமோனாவை அடைய ஏங்குகிற பணக்கார இளைஞன். உழைக்காமல் பணத்தால் வாங்கிவிடலாம் என்ற நினைப்பே அவனுடைய ஓட்டை. முதல் அங்கக் கடைசியில், பையில் பணத்தை நிரப்பு, பணத்தை நிரப்பு என்று இயாகோ திரும்பத் திரும்பச் சொல்வதை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு பேச்சுக்குள்ளேயே காதல் பேச்சு கல்லாப்பெட்டிப் பேச்சாக மாறிவிடுகிறது. நான்காவது பத்தியில் எழுத வேண்டிய வரி: நிலத்தையெல்லாம் விற்கப் போகிறேன். அதை ரோடரிகோதான் சொல்கிறான். விற்கச் சொல்லி இயாகோ ஒருமுறைகூட வாய்திறப்பதில்லை. நான்காம் அங்கத்தில் இவனுக்குச் சந்தேகம் வந்து, கொடுத்த நகைகளைத் திருப்பிக் கேட்பேன் என்று மிரட்டுகிறான். அப்போது இயாகோ கோபப்படுவதில்லை. உனக்கும் ரோஷம் இருக்கிறதே என்று பாராட்டுகிறான்! அந்தப் பாராட்டுக்கே அவன் மறுபடியும் விழுந்துவிடுகிறான். அடுத்து அவனிடம் கேட்கப்படுவது கொலை.

காசியோ: ஒத்தெல்லோவின் லெப்டினன்ட், அதாவது துணைத் தளபதி. இவனுக்குக் குடி ஒத்துக்கொள்ளாது, இவனுக்கே தெரியும், சொல்லவும் செய்கிறான். ஆனால் நண்பர்கள் முன்னால் வேண்டாம் என்று மறுக்கக் கூச்சம். நிறையப் பேர் காசியோவின் குறையாகக் குடியை எழுதுவார்கள். நான் அந்தக் கூச்சத்தைத்தான் எழுதுவேன். போதையில் அவன் உளறுவதையும் கவனியுங்கள். சொர்க்கத்துக்குப் போவதிலும் லெப்டினன்ட்தான் முதலில், கொடி ஏந்தும் அதிகாரி அப்புறம்தான் என்கிறான். எதிரில் நிற்கும் இயாகோ கொடி ஏந்தும் அதிகாரி. அந்த லெப்டினன்ட் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் இருப்பவன். போதையில் சண்டை போட்டதால் பதவி போனபின் காசியோ மூன்று முறை அலறுவது “மானம்” என்றுதான். மானத்துக்காகத் துடிக்கிறவனை எங்கே அனுப்ப வேண்டும் என்று இயாகோவுக்குத் தெரியும். தளபதியின் மனைவியிடம் போய்க் கெஞ்சு என்கிறான். நல்ல யோசனைதான், அதில் பொய்யே இல்லை. பொறியும் அதுதான்.

இந்தப் பகுதியில் ஒரு நடைமுறைத் தகவல் விடுபட்டுப்போகும். போருக்காகச் சைப்ரஸுக்குப் போகும்போது ஒத்தெல்லோ ஒரு கப்பலில், காசியோ ஒரு கப்பலில், டெஸ்டிமோனா இயாகோவின் பொறுப்பில் வேறொரு கப்பலில். கல்யாணமான அன்றிரவே ஒத்தெல்லோவுக்குப் புறப்பட உத்தரவு வந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

5. மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி

இங்கே மெதுவாகப் போங்கள். இந்தக் காட்சியை ஐந்து துண்டாக வெட்டிக்கொண்டால் கைக்குள் அடங்கும்.

முதல் துண்டு: காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுத் தளபதி வருவதைப் பார்த்து வெட்கத்தோடு விலகிப் போகிறான். இயாகோ முணுமுணுக்கிறான்: ஹா, இது எனக்குப் பிடிக்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். அங்கிருந்து போனது காசியோதானே என்று ஒத்தெல்லோ கேட்கிறான். சேச்சே, உங்களைப் பார்த்ததும் குற்றவாளி மாதிரி நழுவுகிற ஆளா காசியோ என்கிறான் இயாகோ. குற்றம் என்ற சொல் மறுப்பாகத்தான் வருகிறது, ஆனால் வந்துவிட்டது.

இரண்டாம் துண்டு: எதிரொலி. உங்கள் காதல் காசியோவுக்குத் தெரியுமா என்று இயாகோ கேட்கிறான். தெரியும், எங்களுக்கிடையே தூது போனவனே அவன்தான் என்கிறான் ஒத்தெல்லோ. அப்படியா என்கிறான் இயாகோ. அப்படித்தான், அதில் ஏதாவது தெரிகிறதா உனக்கு, அவன் நேர்மையானவன் இல்லையா? நேர்மையா, பிரபுவே? என்ன நினைக்கிறாய்? நினைப்பதா, பிரபுவே? இந்தப் பகுதியில் இயாகோவின் வரிகளை மட்டும் மறைத்துக்கொண்டு ஒத்தெல்லோவின் வரிகளை வாசியுங்கள். சந்தேகம் முழுக்க அவன் பேச்சிலேயே இருக்கும். அவன் சொன்ன சொல்லைக் கேள்வியாக்கித் திருப்பிக் கொடுப்பதைத் தவிர இயாகோ எதுவும் செய்யவில்லை.

மூன்றாம் துண்டு: ஒத்தெல்லோவின் உறுதி. பொறாமை வேண்டாம், அது பச்சைக் கண் பிசாசு என்று இயாகோவே எச்சரிக்கிறான். அதற்கு ஒத்தெல்லோ சொல்லும் பதில்தான் என் பார்வையில் நாடகத்தின் திறவுகோல். சந்தேகத்திலேயே நான் காலம் தள்ளமாட்டேன். பார்ப்பேன், சந்தேகம் வந்தால் நிரூபிப்பேன், நிரூபணமானால் காதலோ பொறாமையோ ஏதாவது ஒன்றை அப்போதே தூக்கி எறிவேன். நல்ல படைத்தலைவன் பேசுகிற பேச்சு இது. முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் உருவிய வாள்களோடு வந்த கூட்டத்தை ஒரே வரியில் அடக்கியவன் இப்படித்தான் பேசுவான். போர்க்களத்தில் அவனைக் காப்பாற்றியதும் சட்டென்று முடிவெடுக்கும் இந்தக் குணம்தான். ஆனால் மனைவியின் மனத்தைப் பற்றிய ஒரு கேள்வியோடு, பதில் தெரியாமல் பத்து நாள் சும்மா இருக்க அவனால் முடியாது. இந்த வரியைக் கேட்டதும் இயாகோ சொல்வதைக் கட்டம் கட்டி வையுங்கள்: இதைக் கேட்க எனக்கு மகிழ்ச்சி. உண்மையிலேயே மகிழ்ச்சிதான் அவனுக்கு. தேடிக்கொண்டிருந்த கதவு திறந்துவிட்டது.

நான்காம் துண்டு: வெளியாள். எங்கள் ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும், கணவனுக்குக் காட்டாததைக் கடவுளுக்குக் காட்டுவார்கள் என்கிறான் இயாகோ. அப்படியா சொல்கிறாய் என்று கேட்கிறான் ஒத்தெல்லோ. வெனிஸின் வழக்கங்கள் வெனிஸ்காரனுக்குத்தான் தெரியும் என்று அவன் நம்புகிறான். அடுத்து, உங்களை மணக்க அவள் அப்பாவையே ஏமாற்றினாளே என்கிறான் இயாகோ. செனட் மண்டபத்தில் பிரபான்சியோ விட்டுப்போன சாபம் அது; அப்போது இயாகோவும் அங்கேதான் நின்றிருந்தான். “ஆமாம், ஏமாற்றினாள்.” பிறகு ஒத்தெல்லோ தானாகவே ஒரு வரியைத் தொடங்குகிறான்: இருந்தாலும், இயற்கை தன் வழியை விட்டு விலகி… முடிக்க விடாமல் இயாகோ பிடித்துக்கொள்கிறான்: அதுதான் விஷயமே! தன் இனத்தான், தன் நிறத்தான், தன் ஊர்க்காரன் எல்லோரையும் விட்டுவிட்டு ஒரு பெண் உங்களைத் தேர்ந்தெடுத்தது இயற்கையா என்று விரித்துக்கொண்டு போகிறான். நான் கறுப்பன் என்பதாலோ, நாசூக்கான பேச்சு இல்லாததாலோ, வயது இறங்கிவிட்டதாலோ என்று கொஞ்ச நேரத்தில் ஒத்தெல்லோவே தனியாக நின்று காரணங்களை அடுக்குகிறான்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நிறத்தையும் அந்நியனாக இருப்பதையும் ஒத்தெல்லோவின் குணக்குறைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அவை அவன் குறை அல்ல. வெனிஸ் அவனைப் படைக்கு வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் விலங்கின் பெயரால் பேசியதே, அதன் வடு. குணம் எது, சூழல் எது என்று பிரித்து எழுதப் பழகுங்கள். கட்டுரைகள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஐந்தாம் துண்டு: சாட்சி. ஒத்தெல்லோ திரும்பி வந்து இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான்: கண்ணால் காணும் சாட்சி கொடு, இல்லையென்றால் செத்தாய். இயாகோ உடனே நொந்துபோனவனாக நடித்து, நேர்மைக்கு இதுதான் பரிசா, நான் போகிறேன் என்று கிளம்பப் பார்க்கிறான். ஒத்தெல்லோவே அவனை நிறுத்துகிறான். அப்புறம் நடப்பது நுட்பமான பேரம். கண்ணால் பார்ப்பது எப்படி முடியும், உண்மையின் வாசல்வரை கொண்டுவிடும் சூழ்நிலைகள் போதுமா என்று சாட்சியின் தரத்தையே இறக்கிவிடுகிறான். ஒத்தெல்லோ அந்த இறக்கத்தைக் கவனிக்கவில்லை. பல்வலியால் தூக்கம் வராமல் காசியோவின் பக்கத்தில் படுத்திருந்தபோது அவன் தூக்கத்தில் உளறினான் என்று ஒரு கதை. அடுத்து, ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டையால் காசியோ தாடி துடைப்பதைப் பார்த்தேன் என்று இன்னொன்று. பல்வலியைக் கவனித்தீர்களா? பொய்யில் அப்படி ஒரு சின்ன உடல் வேதனையைச் செருகினால் அதற்கு உயிர் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

6. கைக்குட்டைக்குத் தனிப் பக்கம்

அது யார் கையில் எப்போது இருக்கிறது என்று தேதி போடுவது மாதிரி வரிசையாக எழுதிவையுங்கள். ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த முதல் பரிசு. அவன் தலைவலி என்று சொல்ல, அவள் கட்டிவிடப் பார்க்கிறாள். சின்னதாக இருக்கிறது என்று அவனே விலக்கிவிட, கீழே விழுகிறது. எமிலியா எடுக்கிறாள், இயாகோ வாங்குகிறான், காசியோவின் அறையில் போடுகிறான். காசியோ அதே வேலைப்பாட்டில் இன்னொன்று செய்து தரச் சொல்லித் தன் காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். பியாங்கா ஒத்தெல்லோ ஒளிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திருப்பி எறிகிறாள்.

இரண்டு இடங்களை அருகருகே வையுங்கள். மூன்றாம் அங்கத்தில் அதை ஓர் எகிப்தியப் பெண் என் தாய்க்குக் கொடுத்தாள், மந்திரம் உள்ளது என்று மிரட்டும் ஒத்தெல்லோ, கடைசிக் காட்சியில் என் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். எது உண்மை என்று நாடகம் தீர்த்துச் சொல்வதில்லை. ஆனால் பயந்துபோன டெஸ்டிமோனா “தொலையவில்லை” என்று பொய் சொல்ல நேர்வது முதல் கதையைக் கேட்டபின்தான்.

7. எமிலியா, டெஸ்டிமோனா

எமிலியாவின் பக்கத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். தன்னை மதிக்காத கணவனிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடலாம் என்ற ஆசையில்தான் கைக்குட்டையைக் கொடுக்கிறாள். எங்கே தொலைத்தேன் என்று டெஸ்டிமோனா தேடும்போது தெரியாது என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு பதில் வேறு மாதிரி இருந்திருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் கடைசிக் காட்சியில் உண்மையை உடைக்கிறவளும் அவள்தான். “என் கணவனா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே அவள் மனத்துக்குள் எல்லாம் ஒன்றுசேர்வதைப் பாருங்கள். இயாகோ பேசாதே என்று மிரட்டியும் பேசுகிறாள். அவன் கையாலேயே சாகிறாள். இயாகோ போட்ட கணக்கில் அவன் கோட்டைவிட்ட ஒரே ஆள் எமிலியா.

டெஸ்டிமோனாவின் குறை என்ன என்று தேர்வில் கேட்பார்கள். அவள் காசியோவுக்காக விடாமல் பரிந்து பேசியது, உண்மையை மறைத்தது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவளுடைய நல்ல குணத்திலிருந்தே எல்லோரையும் பிடிக்கும் வலையைப் பின்னுவேன் என்று இரண்டாம் அங்கத் தனிமொழியில் இயாகோவே சொல்லிவிடுகிறான். காசியோவை அவளிடம் அனுப்பியவனும் அவன். அவள் காசியோவுக்காக எவ்வளவு வற்புறுத்துகிறாள் என்று கவனியுங்கள் என்று ஒத்தெல்லோவிடம் சொன்னவனும் அவன். அவள் எவ்வளவு நல்லவளாக நடந்துகொள்கிறாளோ அவ்வளவுக்கு அந்தச் சோதனையில் தோற்றாக வேண்டும். பக்கத்தில் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதினால் போதும். “குறை” என்ற சொல்லை அவளுக்குப் போடவே கை வராது.

8. விமர்சனமும் படமும்: எப்போது

மூலத்தை முடித்தபின் மட்டும். விமர்சகர் பிராட்லி 1904-இல் ஒத்தெல்லோவை உன்னத வீரனாகப் பார்த்தார். இன்னொரு விமர்சகர் லீவிஸ் 1937-இல், அவன் அழிவுக்குக் காரணம் அவனுக்குள்ளேயே இருந்தது என்று எதிர்த்தார். உங்கள் நான்காவது பத்தி நிரம்பிய பிறகு இந்த இருவரையும் படித்தால் யார் பக்கம் சாய்வது என்று நீங்களே சொல்வீர்கள். முன்னாலேயே படித்தால் அவர்கள் கண்ணால்தான் நாடகத்தைப் பார்ப்பீர்கள்.

படங்களில், லாரன்ஸ் ஃபிஷ்பர்னும் கென்னத் பிரானாவும் நடித்த 1995 படம் பார்க்க எளிது. ஆனால் வசனத்தில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. 2006-இல் வந்த இந்தி ‘ஓம்காரா’ கைக்குட்டைக்குப் பதில் ஒட்டியாணத்தை வைத்தது. 1997 மலையாள ‘களியாட்டம்’ கதையைக் கேரளச் சடங்கு ஆட்டமான தெய்யம் ஆடுகிறவர்களிடம் கொண்டுபோனது. இரண்டும் நல்ல படங்கள், தேர்வுக்கு ஆதாரமாகாது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஆபெரா (இசை நாடகம்) முதல் அங்கத்து வெனிஸையே விட்டுவிடுகிறது. பிரபான்சியோவின் கனவும் சாபமும் அதோடு போய்விடுவதால் அதை வைத்து நாடகத்தைப் பற்றி எழுத முடியாது.

9. கட்டுரை எழுதும்போது

“ஒத்தெல்லோவின் பொறாமைக் குணம்” என்று தொடங்காதீர்கள். அவன் பொறாமைக்காரன் இல்லையா என்று எமிலியா கேட்கும்போது, அவன் பிறந்த ஊர்ச் சூரியன் அந்தக் குணத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது என்கிறாள் டெஸ்டிமோனா. கடைசிப் பேச்சில் ஒத்தெல்லோவும் தான் எளிதில் பொறாமைப்படாதவன் என்றே சொல்லிக்கொள்கிறான். இந்த இரண்டு வரிகளையும் எதிர்கொள்ளாத கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் விழாது. பொறாமை விளைவு, சந்தேகத்தைச் சுமந்துகொண்டு காத்திருக்க முடியாத அவசரம்தான் அது நுழைந்த வழி. இரண்டாம் அங்கத்தில் காசியோ போதையில் சண்டை போட்ட இரவிலும், ஆத்திரம் என் நிதானத்தை மிஞ்சுகிறது என்று சொல்லிக்கொண்டே, காசியோவிடம் முழுதாக விசாரிக்காமல் ஒரு வரியில் பதவி நீக்கம் செய்தான். அதை முதல் ஆதாரமாக வையுங்கள். மூன்றாம் அங்கம் இரண்டாவது ஆதாரமாகட்டும்.

இயாகோவின் நோக்கத்துக்கு அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். பதவி கிடைக்கவில்லை, மனைவிமேல் சந்தேகம், காசியோவின் அழகு தன்னை அசிங்கமாகக் காட்டுகிறது என்று அவன் காரணங்களை மாற்றிக்கொண்டே போகிறான். கடைசியில் கேட்டால், இனி வாய் திறக்கமாட்டேன் என்று முடித்துக்கொள்கிறான். அவன் மறைத்ததைக் கண்டுபிடிக்கப் போய் மணிக்கணக்கில் நேரத்தை விட்டவர்கள் உண்டு. மற்றவர்களின் நான்காவது பத்தியில் இருப்பதே மூன்று மணி நேரத் தேர்வுக்கு அதிகம்.

மேற்கோள் காட்டும்போது அங்கம், காட்சி எண்களை முதலில் எழுதுங்கள். வரி எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். உரைநடைப் பகுதிகளில் அச்சின் அகலத்தைப் பொறுத்து இன்னும் தள்ளிப்போகும். ஆய்வேடு என்றால் எந்தப் பதிப்பின் எண்கள் என்று முதல் பக்கத்திலேயே குறிப்பிட்டு, கடைசிவரை அந்த ஒரு பதிப்பையே பயன்படுத்துங்கள். இணையத்தில் எடுத்த மேற்கோளை அப்படியே ஒட்டாமல், உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தோடு ஒரு தடவை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.